இரண்டாவது சாட்சிக்கான கட்டம்

எங்க அண்ணனைப் பத்தி நாலு நல்ல வார்த்தை சொல்லுன்னு கேட்டா எனக்கு வராது. திட்டச் சொன்னா மூச்சு விடாம சொல்லுவேன். என்னைவிட ரெண்டு வயசுதான் பெரியவன், அதனால எனக்கு 'அவன்'னுதான் வரும். மரியாதை தெரியாத பொம்பளைன்னு நினைச்சா நினைச்சுக்குங்க.

அவன் வச்சிருந்தது ஒரு ஜெராக்ஸ் கடை. ஷட்டரைத் தூக்கிட்டு உள்ள மூணு எட்டு வச்சா பின்சுவர் வந்துடும். ஒரு ஜெராக்ஸ் மெஷின், பேப்பர் வெட்டுற கட்டர் ஒண்ணு, ஓரமா லேமினேஷன் மெஷின். முதல் ரெண்டும் பிழைப்புக்கு. மூணாவது அவனுக்குப் பிடிச்ச பைத்தியம். மெஷின் சூடாகி சிவப்பு விளக்கு பச்சையாகிற வரைக்கும் கையைக் கட்டிக்கிட்டு அது எதிர்ல நிப்பான். பச்சை வந்ததும் பிளாஸ்டிக் உறைக்குள்ள காகிதத்தை வச்சு, ஒரு பக்கம் கொடுத்து மறுபக்கம் வாங்குவான். சூடு ஆறும் முன்னாடி நாலு மூலையையும் வளைவா வெட்டி, கட்டை விரலால ஓரத்தைத் தேய்ச்சுப் பார்த்து, வெளிச்சத்துல ஒரு தடவை தூக்கிப் பிடிப்பான். என்னமோ உலகத்தையே காப்பாத்திட்ட மாதிரி ஒரு மூஞ்சி.

ஊர்க்காரங்க சர்டிபிகேட்டை லேமினேட் பண்றது சரி. இவன் வீட்டுல என்னத்தைத்தான் விட்டு வச்சான். துணி துவைக்கிற மெஷின் மேல எந்தப் பொத்தான் எதுக்குன்னு ஒரு அட்டை. மாத்திரை சாப்பிடுற நேரம் ஒரு அட்டை. அண்ணி எப்பவோ எழுதின கடைச் சாமான் லிஸ்ட், அதுல பாதி வாங்கி தின்னு தீர்ந்தே போச்சு, அதுவும் அட்டை. காத்துப் பட்டா காகிதம் கெட்டுடும்பான். தெருவுல அவனுக்கு 'பிளாஸ்டிக்'னு பேரு. அதையும் பெருமையாத்தான் எடுத்துக்கிட்டான்.

கடைச் சுவர்ல அவன் கையாலேயே எழுதி, அவனே லேமினேட் பண்ணி மாட்டின போர்டு ஒண்ணு உண்டு. 'எல்லாக் கையெழுத்தும் போட்டாச்சா? உள்ளே போனால் வெளியே வராது.' யார் வந்து காகிதத்தை நீட்டினாலும் போர்டைக் காட்டி ஒரு தடவை, வாயால ரெண்டு தடவை கேப்பான். அந்த ஒரு விஷயத்துல மட்டும் அவனைக் குறை சொல்ல முடியாது. அப்படித்தான் நினைச்சுக்கிட்டிருந்தேன்.

நான் யாருன்னு சொல்லிடறேன். குடிநீர் இணைப்பு ஆபீஸ்ல, விண்ணப்பம் வாங்குற கவுண்டர்ல இருபத்தொன்பது வருஷம் உட்கார்ந்தவ. கல்யாணம் காட்சின்னு எதுலயும் மாட்டிக்கல. எனக்கு முன்னாடி நீட்டின விண்ணப்பத்துல ஒரு கட்டம் காலியா இருந்தாப் போதும், தலையைக் கூட நிமித்தாம திருப்பித் தள்ளிடுவேன். 'அம்மா, வீட்டுல தண்ணியே வரல'ன்னு அழுதவங்க உண்டு. அழுதா கட்டம் நிரம்பிடுமா? என் வாய்க்கு பயந்து ஆபீசே நடுங்கும். ரிட்டயர் ஆனப்புறம் காலையில அண்ணன் கடைக்குப் போய் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, போற வர்றவங்களை விமர்சனம் பண்றதுதான் என் வேலை.

அண்ணி போனதுதான் எல்லாத்துக்கும் ஆரம்பம். நெஞ்சுச் சளி முத்தி, மூச்சு விட முடியாம ஆஸ்பத்திரியில சேர்த்தோம். வாய்க்குள்ள குழாயை விட்டு மெஷின்ல போட்டாங்க. ஒரு வாரத்துல கிட்னி போச்சு. அப்புறம் ஒண்ணொண்ணாப் போச்சு. டாக்டர் அண்ணனைத் தனியாக் கூப்பிட்டு, இனிமே பிரயோஜனம் இல்ல, என்ன பண்ணலாம்னு கேட்டாரு. இவன் பதில் சொல்றதுக்குள்ள அண்ணியோட தம்பி குறுக்க வந்து நின்னான்.

அந்த மகானைப் பத்தி ரெண்டு வரி சொல்லியே ஆகணும். இன்சூரன்ஸ் ஏஜென்ட். வாயைத் திறந்தா மேடைப் பேச்சுதான். அக்கா உயிரோட இருந்த கடைசி அஞ்சு வருஷத்துல அஞ்சு தடவை வந்திருந்தா அதிகம். அன்னைக்கு ஐ.சி.யூ வாசல்ல நெஞ்சை நிமித்திக்கிட்டு, "கடைசி மூச்சு வரைக்கும் போராடணும் டாக்டர், எங்க குடும்பத்துல யாரும் தோத்துப் போறவங்க இல்ல"ன்னு சொன்னான். சொல்லிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கிட்டான். போராடினது யாரு? வாயில குழாயோட கிடந்தவ. பத்தொன்பது நாள்.

அந்தப் பத்தொன்பது நாள்ல அண்ணன் மனசுல ஒரே ஒரு விஷயம்தான் தங்கிச்சு. அண்ணி அரை மயக்கத்துல குழாயைப் பிடுங்கப் பார்க்கிறாங்கன்னு, ரெண்டு கையையும் துணிப் பட்டையால கட்டில் கம்பியோட கட்டி வச்சிருந்தாங்க. நர்ஸுங்களைக் குத்தம் சொல்ல மாட்டேன், அவங்களுக்கு வேற வழியில்ல. ஆனா எல்லாம் முடிஞ்சு துணியால மூடிக் கொடுத்தப்போ அண்ணன் முதல்ல பார்த்தது மூஞ்சியை இல்ல, மணிக்கட்டைத்தான். பட்டை அழுத்தின தடம் அப்படியே இருந்துச்சு. "நாப்பது வருஷம் எனக்கு ஆக்கிப் போட்ட கை. கட்டி வச்சுட்டாங்களே"ன்னான். அதைத் தவிர அவன் வேற எதுவும் பேசி நான் கேட்கல, ஒரு மாசத்துக்கு.

அப்புறம் ஒருநாள் அதே ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு படிவத்தை வாங்கிட்டு வந்தான். மருத்துவ முன்விருப்பப் படிவமாம். நாளைக்கு நமக்கே நினைவு தப்பிப் போயிட்டா எந்தச் சிகிச்சை வேணும், எது வேண்டாம், நமக்காகப் பேச வேண்டிய ஆள் யாருன்னு, புத்தி தெளிவா இருக்கும்போதே எழுதி வைக்கிறது. நாலு பக்கம். ஏகப்பட்ட கட்டம். நான் வாங்கிப் புரட்டினேன். சும்மா சொல்லக்கூடாது, படிவம் ஒழுங்காத்தான் இருந்துச்சு.

"இதுல உன் பேரைத்தான் போட்டிருக்கேன்"னான்.

"எனக்கு வேற வேலை இல்லையா? பெத்த பிள்ளை எதுக்கு இருக்கான்?"

பிள்ளைன்னு சொன்னது அவனோட ஒரே மகனை. குளிர்பதனக் கிடங்குல வேலை. காய்கறி, மருந்து எல்லாம் வச்சிருக்கிற அறைங்களுக்குப் போய் உஷ்ணம் எவ்வளவுன்னு பார்த்து எழுதுறது. நாள் முழுக்கக் குளிர்ல நின்னு நின்னு அவன் ரத்தமும் உறைஞ்சு போச்சுன்னு நான் கிண்டல் பண்ணுவேன். பொறந்ததுலேர்ந்தே கண்ணு பாதிதான் திறந்திருக்கும். ஒரு நாளைக்கு மூணு வாக்கியம் பேசினா அது திருநாள். நான் அவனுக்கு வச்ச பேரு தூங்குமூஞ்சி. நேர்லயே அப்படித்தான் கூப்பிடுவேன், அதுக்கும் பதில் பேச மாட்டான்.

"அவனால பேச முடியாது. அன்னைக்கு என் மச்சான் பேசினப்போ நானும் வாயடைச்சு நின்னேன், அவனும் நின்னான். உனக்குத்தான் வாய் இருக்கு. நீ இருந்தா ஒருத்தன் குறுக்க வர மாட்டான்"னான் அண்ணன்.

எனக்கு உள்ளுக்குள்ள குளிர்ந்து போச்சு. வெளியில, "ஆமா, இதுக்காவது என் வாய் உபயோகப்படட்டும்"னு நொடிச்சுக்கிட்டேன்.

படிவத்துல ஓரிடத்துல, 'உங்களுக்கு எது மிகவும் முக்கியம்? உங்கள் சொந்த வார்த்தைகளில் எழுதவும்'னு ஒரு பெரிய கட்டம். ஆறு வரி விட்டிருந்தாங்க. இவன் ரெண்டே வரி எழுதியிருந்தான். 'பிழைக்க வழியில்லேன்னு டாக்டர் சொல்லிட்டா குழாய் வேண்டாம், என் கையைக் கட்டக் கூடாது. என் தங்கச்சி சொல்றதுதான் நான் சொல்றது.'

கையெழுத்துப் போடுற நாள் வந்துச்சு. சொந்தக்காரங்களா இல்லாத ரெண்டு பேர் சாட்சி போடணும். எதிர் மருந்துக்கடை அம்மா காலையிலேயே வந்து முதல் கட்டத்துல போட்டுட்டுப் போயிட்டாங்க. ரெண்டாவது, பக்கத்துக் கடை சாவிக்காரர். அவரு அந்நேரம் பார்த்து, யாரோ கதவைச் சாத்திக்கிட்டு வெளிய மாட்டிக்கிட்டாங்கன்னு பூட்டைத் திறக்கப் போயிட்டாரு. அரைமணியில வந்துடறேன்னு சொல்லிட்டுத்தான் போனாரு.

அந்த அரைமணி இவனால பொறுக்க முடியல. கடையில ஸ்கூல் அடையாள அட்டை நூறு லேமினேட் பண்ணக் கிடந்துச்சு. மெஷின் சூடா இருக்கு, பச்சை விளக்கு எரியுது. மேஜை மேல அவன் படிவம் வெறும் காகிதமாப் படுத்திருக்கு. காத்தாடி போட்டா படபடக்குது. இவன் அதையே பார்க்கிறான். மருந்துக்கடை அம்மா கையில இருந்த ஈரம் ஓரத்துல பட்டிருக்கேன்னு துடைக்கிறான். நான் பாத்ரூம் போயிட்டு வந்து பார்க்கிறேன், நாலு பக்கமும் பிளாஸ்டிக்குக்குள்ள. மூலை வெட்டிக்கிட்டிருக்கான்.

"அடப்பாவி. சாவிக்காரர் கையெழுத்து?"

திருதிருன்னு முழிச்சான். சுவத்துல அவன் எழுதின போர்டு தொங்குது. எத்தனை ஆயிரம் பேர்கிட்ட அதைக் காட்டியிருப்பான்.

சாவிக்காரர் வந்தாரு. கதையைக் கேட்டுச் சிரிச்சாரு. மார்க்கர் பேனாவை எடுத்து பிளாஸ்டிக் மேலேயே அழகாக் கையெழுத்துப் போட்டாரு. அண்ணன் வழக்கம்போல கட்டை விரலால தேய்ச்சுப் பார்த்தான். கையெழுத்து விரல்ல வந்துடுச்சு.

"நான் மட்டும் கவுண்டர்ல இருந்திருந்தா இதை உன் மூஞ்சியிலேயே விட்டெறிஞ்சிருப்பேன். போய் புதுப் படிவம் வாங்கிட்டு வா"ன்னேன்.

"வாங்கிக்கலாம். எல்லாருக்கும்தான் விஷயம் தெரியுமே"ன்னான். அது மட்டுமா, அந்த அரைகுறையை எட்டு காப்பி எடுத்து, எட்டையும் லேமினேட் பண்ணி, ஓட்டை போட்டுக் கயிறு கட்டி வீடு வீடாக் கொடுத்தான். என் வீட்டுல ஃப்ரிட்ஜ் பக்கத்துல தொங்குச்சு. போகும்போதும் வரும்போதும் அந்தக் காலிக் கட்டம் என் கண்ணுல படும். அடுத்த வாரம் நாமளே போய் ஒரு படிவம் வாங்கிட்டு வந்துடலாம்னு நினைப்பேன். பதினாலு மாசம் அப்படியே நினைச்சேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை, பத்து மணி இருக்கும், நான் கடைக்குக் கிளம்பிக்கிட்டிருந்தப்போ சாவிக்காரர் போன் பண்ணினாரு. அண்ணன் மெஷினுக்கு எதிர்ல நின்ன வாக்குல அப்படியே சரிஞ்சு விழுந்துட்டான்னு. நான் ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள வாய்க்குள்ள குழாய் போட்டுட்டாங்க. அவசரத்துல யார் படிவம் கேக்கப் போறாங்க, அது தப்பில்ல. ரெண்டு நாள் பார்த்தாங்க, மூளைய ரெண்டு தடவை ஸ்கேன் எடுத்தாங்க. மூணாவது நாள் எங்களை ஒரு அறையில உட்கார வச்சாங்க.

சின்ன அறை. நாலு நாற்காலி, ஒரு டிஷ்யூ டப்பா, அதைப் பார்த்தாலே எதுக்குக் கூப்பிட்டாங்கன்னு தெரிஞ்சுடும். நான், தூங்குமூஞ்சி, அப்புறம் யார் சொல்லி வந்தானோ அண்ணியோட தம்பி. எதிர்ல ஒரு டாக்டரம்மா. முப்பத்தஞ்சு வயசுக்கு மேல இருக்காது. அவசரப்படாமப் பேசினாங்க. மூளைக்குள்ள பெரிய ரத்தக்கசிவு, நினைவு திரும்பும்னு நம்பிக்கை இல்ல, மெஷின் இருக்கிற வரைக்கும் மூச்சு ஓடும், அவ்வளவுதான்னாங்க.

மகான் ஆரம்பிச்சுட்டான். "கடைசி மூச்சு வரைக்கும்..."

"நிறுத்து"ன்னேன் நான். "உன் அக்காவைப் பத்தொன்பது நாள் படுத்தி எடுத்தது போதாதா? மாமா எப்படி இருக்காருன்னு இந்த ஒண்ணரை வருஷத்துல ஒரு போன் பண்ணியிருப்பியா? ஆஸ்பத்திரி வாசல்ல மட்டும் உனக்குப் பாசம் பொத்துக்கிட்டு ஊத்துதே, அது எங்கிருந்துய்யா வருது?"

மகான் செல்போனை எடுத்து நோண்ட ஆரம்பிச்சான். அண்ணன் சொன்னது சரிதான், நான் இருந்தா ஒருத்தன் குறுக்க வர மாட்டான். பையிலேர்ந்து பிளாஸ்டிக் அட்டையை எடுத்து மேஜை மேல வச்சேன். டாக்டரம்மா நாலு பக்கமும் படிச்சாங்க. அந்த ரெண்டு வரியை ரெண்டாந்தடவை படிச்சாங்க. அப்புறம் என்னை நிமிர்ந்து பார்த்தாங்க.

"அவருக்காகப் பேச உங்களைத்தான் எழுதியிருக்காரு அம்மா. நீங்க சொல்லுங்க. அவர் இப்போ இங்க உட்கார்ந்திருந்தா என்ன சொல்லுவாரு?"

பதில் எனக்குத் தெரியும். எழுதியே இருக்கு. 'எடுத்துடுங்க'ன்னு ஒரு வார்த்தை. நான் அதைச் சொன்னா அண்ணன் செத்துடுவான். வேற யாரும் சொல்லி இல்ல, நான் சொல்லி. எங்க அம்மா வயித்துல பொறந்ததுல மிச்சம் இருக்கிறது நாங்க ரெண்டு பேர்தான்.

நான் குனிஞ்சு அட்டையைப் பார்த்தேன். விரலை நேரா அந்தக் காலிக் கட்டத்துல கொண்டு போய் வச்சேன்.

"இதுல ரெண்டாவது சாட்சி கையெழுத்து இல்ல. செல்லாது"ன்னேன்.

ஆமாம். நானேதான் சொன்னேன். மகான் சொல்லல, தூங்குமூஞ்சி சொல்லல, ஆஸ்பத்திரிக்காரங்க சொல்லல. கவுண்டர்ல உட்கார்ந்திருந்த அதே குரல்ல, தலையை நிமித்தாம நான் சொன்னேன்.

டாக்டரம்மா கோபப்படல. "படிவம் முழுமையா இல்லதான் அம்மா, அதை அலுவலகத்துல பேசிக்கலாம். நான் கேக்கிறது அவர் மனசைத்தான். உங்களுக்குத் தெரியும்ல?"

"முறைப்படி இல்லாததை வச்சுக்கிட்டு நான் எப்படிச் சொல்ல முடியும்?"

"அக்கா சரியாச் சொன்னாங்க"ன்னு மகான் தலையை ஆட்டினான். அவன் என்னைப் பாராட்டினதுக்கு, அவன் என்னைச் செருப்பால அடிச்சிருக்கலாம். யோசிச்சுச் சொல்லுங்கன்னு டாக்டரம்மா எழுந்துட்டாங்க. தூங்குமூஞ்சி என்னைப் பார்த்துக்கிட்டே இருந்தான். வழக்கமான அரைக்கண்ணுதான், ஆனா என்னால அதை ஏறெடுத்துப் பார்க்க முடியல.

வெளியில வந்து நான் எனக்கே சப்பைக்கட்டு கட்டிக்கிட்டேன். சட்டம்னா சட்டம்தானே. நாளைக்கு யாராவது கேள்வி கேட்டா? அவன்தானே அவசரப்பட்டு உறை போட்டான், அவன் தப்புக்கு நான் என்ன பண்ணுவேன்? ஒரு நாள் பூரா இப்படி. மறுநாள் பார்க்க விட்டாங்க. அண்ணனோட வலது கை அப்பப்போ தானா மேல வருதாம், குழாயைத் தட்டிவிட்டுடுமாம். முந்தின நாளே மணிக்கட்டுல துணிப் பட்டை போட்டுக் கம்பியோட கட்டியிருந்தாங்க.

நான் பார்த்தேன். பார்த்துட்டு வெளிய வந்து பெஞ்சுல உட்கார்ந்துக்கிட்டேன். அப்பவும் சொல்லல. ஊரையே வாய்க்கு வந்தபடி பேசினவ, ஒரு வார்த்தை பேச வக்கில்லாம தினமும் அந்தப் பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்துட்டு வந்தேன். போற வர்ற நர்ஸுங்க கண்ணுக்கு அண்ணன் மேல உசிரையே வச்சிருக்கிற தங்கச்சி. மண்ணாங்கட்டி.

அந்த அறையில பேசி ஆறாவது நாள், மத்தியானம். தூங்குமூஞ்சி வேலை முடிஞ்சு வந்தான். தினமும் வருவான், கண்ணாடி வழியாப் பார்ப்பான், என் பக்கத்துல உட்காருவான், போயிடுவான். அன்னைக்குத் தனியா வரல. பின்னாடி சாவிக்காரரு. கடையைப் பூட்டிட்டு வந்திருக்காரு, விரல்ல எல்லாம் இரும்புத் தூள். அவருக்குப் பின்னாடி மருந்துக்கடை அம்மா.

"எதுக்குடா இவங்கல்லாம்?"

"சாட்சிக்கு"ன்னான். அப்புறம் என் எதிர்ல குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். "அத்தை, நான் நேத்து டாக்டர்கிட்டயும் ஆபீஸ்லயும் தனியாக் கேட்டுட்டேன். காகிதம் அரைகுறையா இருந்தா, அவர் பேசினதைக் கேட்டவங்க நேர்ல வந்து சொல்லலாமாம். குடும்பத்துல நாம ஒத்துக்கிட்டா போதுமாம். மாமாகிட்ட நான் பேசிட்டேன்."

"அவன்கிட்டயா? என்னடா பேசினே?"

"அம்மா கையில இருந்த தடத்தைப் பத்திச் சொன்னேன். அவரு பார்க்கவே இல்லையாம் அத்தை. கொஞ்ச நேரம் அழுதாரு. அப்புறம் சரின்னுட்டாரு."

இவன் வாயிலேர்ந்து இத்தனை வாக்கியம் சேர்ந்தாப்புல வந்து நான் கேட்டதே இல்ல. நான் எதையாவது சொல்லி மழுப்பலாம்னு வாயைத் திறந்தேன். அவன் விடல.

"நீங்க சொல்லலேன்னா நான் சொல்லிடறேன். எனக்குப் பயம் இல்லாம இல்ல. ஆனா அப்பா உங்க பேரைத்தான் எழுதியிருக்காரு. அதனால முதல்ல உங்களைக் கேக்கணும்னு தோணுச்சு." கண்ணாடிப் பக்கம் திரும்பிப் பார்த்தான். "ஆறு நாளா கை கட்டியிருக்கு அத்தை."

திட்டியிருந்தா தாங்கியிருப்பேன். சாவிக்காரர் வேற பக்கம் பார்த்துக்கிட்டாரு. நான் எழுந்தேன். இவன்தான் கையைக் கொடுத்தான். டாக்டரம்மா அறைக்குப் போய், உட்காராமலே சொன்னேன். "எங்க அண்ணன் குழாய் வேண்டாம்னு சொல்லியிருக்கான். முதல்ல கையை அவுத்து விடுங்க."

பேச வேண்டியவங்க எல்லாம் பேசினாங்க, எழுத வேண்டியதை எழுதிக்கிட்டாங்க. சாயங்காலம் குழாயை எடுத்தாங்க. வலி தெரியாம இருக்க மருந்து கொடுத்தாங்க. மறுநாள் மதியம் மூணே காலுக்கு அண்ணன் போயிட்டான். வலது கை போர்வை மேல சும்மா கிடந்துச்சு. மகன்தான் அதைப் பிடிச்சுக்கிட்டிருந்தான். மணிக்கட்டுல தடம் இருந்துச்சு. ஆறு நாள் தடம். அண்ணிக்குப் போட்டது அவங்க தம்பின்னு எத்தனை பேர்கிட்ட சொல்லித் திட்டியிருக்கேன். இதைப் போட்டது யாருன்னு என்னை யாரும் கேக்கல, நானும் யார்கிட்டயும் சொல்லல. இப்போதான் சொல்றேன்.

கடையை மூடியாச்சு. லேமினேஷன் மெஷினை ஒருத்தர் வாங்கிட்டுப் போனாரு. போர்டை மட்டும் நான் கொண்டு வந்துட்டேன், எதுக்குன்னு கேக்காதீங்க.

போன மாசம் அதே ஆஸ்பத்திரிக்குப் போய் எனக்கு ஒரு படிவம் வாங்கினேன். சமையலறை மேஜையில வச்சு நிரப்பினேன். பேரு, வயசு, விலாசம், எந்தச் சிகிச்சை வேணும், எது வேண்டாம், எல்லாம் அச்சு மாதிரி எழுத்துல. எனக்காகப் பேச வேண்டிய ஆள்ங்கிற இடத்துல தூங்குமூஞ்சி பேரைப் போட்டுட்டு அவனை வரச் சொன்னேன்.

அவன் பேரைப் பார்த்துட்டு, "எனக்குப் பேச வராதே அத்தை"ன்னான்.

"அன்னைக்குப் பேசினது போதும். ஒழுங்காப் படிச்சுப் பாரு."

கிடங்குல உஷ்ணமானியைப் படிக்கிற மாதிரியே வரி வரியாப் படிச்சான். நான் அவனுக்கு எதிர்ல கையைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். இருபத்தொன்பது வருஷ அனுபவம், இதுல போய் ஒருத்தன் என்னத்தைக் கண்டுபிடிக்கப் போறான்? மூணாவது பக்கத்துல அவன் விரல் நின்னுடுச்சு.

"இது காலியா இருக்கு அத்தை."

'உங்களுக்கு எது மிகவும் முக்கியம்?' ஆறு வரி. ஒரு எழுத்து இல்ல.

"அதுல என்னத்தை எழுதுறது, வெங்காயம். விட்டுடு, அது கட்டாயம் இல்ல."

அவன் விரலை எடுக்கல. வேற ஒருத்தனா இருந்தா ஏதாவது சொல்லிக் கொடுத்திருப்பான், இல்ல போனாப் போகுதுன்னு அடுத்த பக்கத்துக்குப் போயிருப்பான். இவன் காத்திருந்தான். காத்திருக்க அவனுக்கு நல்லா வரும். நான் எழுந்து தண்ணி குடிச்சேன். வந்து உட்கார்ந்தேன். பேனாவை எடுத்து ஒரே ஒரு வரி எழுதினேன்.

'என்னை ஆறு நாள் காக்க வைக்காதே.'

படிச்சான். கண்ணை ஒரு தடவை துடைச்சுக்கிட்டு, படிவத்தை மேஜை மேல அப்படியே விரிச்சு வச்சான். சாவிக்காரரையும் மருந்துக்கடை அம்மாவையும் இப்பவே கூட்டிட்டு வந்துடறேன்னு சொல்லிட்டுச் செருப்பை மாட்டினான்.